ஆலையும் ஊரும்

ஒரு பெருந்தொழிலை நம்பி வளரும் ஊரின் வரலாறு எத்தகையது? வடசென்னையே இதற்குச் சான்று. வியாசர்பாடியை அடுத்த பெரம்பூரில் பின்னிக் கம்பெனியார் 1876-இல் பக்கிங்காம் ஆலையை நிறுவினர். சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலையும் எழுந்தது. 1920-இல் இரண்டும் ஒன்றாயின. அங்கு நெய்த காக்கித் துணி நாடெங்கும் புகழ்பெற்றது.

ஆலையைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளியும் ஏற்பட்டது. ஆலைச் சங்கு ஊதும் நேரமே ஊரின் நேரமாயிற்று. ஆயினும், கூலி தரும் இடம் ஒன்றேயானால், அதன் கதவு அடைபடும் நாளில் ஊரே பசித்திருக்கும்.

இந்த நிலையில்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர். சங்கத் தலைவர்கள்மீது ஆலையார் தொடுத்த வழக்கு, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறப்பதற்கு ஒரு காரணமாயிற்று.

1921-இல் வேலைநிறுத்தம் பல மாதம் நீடித்தது. ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் சென்றனர். பழைய சாதி வேற்றுமையும் புதிய பசியும் ஒன்றுகூட, புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, உயிர்களும் பலியாயின. ஒரே தறிக்கூடத்தில் உழைத்தவர்கள் பகைவராயினர். அந்த வரலாற்றில் என் நெஞ்சை மிகவும் வருத்துவது இதுவே.

1996-இல் ஆலை மூடப்பட்டது. ஒரு தொழிலையே பழகிய கைகள் வேறு பிழைப்பைத் தேடின. தொழில் வளம் வேண்டுவதே; அதனோடு பல தொழில்களும், பரந்த கல்வியும், ஒற்றுமையும் வேண்டும் என்பதை உங்கள் ஊரைப் பற்றி எண்ணும்போது மறவாதீர்கள்.