தகடு இறுகும் நேரம்

கண்டிக்கு அருகே, குண்டசாலையை ஒட்டிய நத்தரம்பொத்தவில் இருக்கிறது கலாபுர கைவினைக் கிராமம். பித்தளைத் தகட்டில் பூவேலை தட்டும் இடத்தில் சற்று நின்று காது கொடுத்தால் ஒன்று பிடிபடும். புதுத் தகட்டில் விழும் அடி மந்தமாக இருக்கும். அடிக்க அடிக்க அது கணீரென்று மாறும். கேட்பவருக்கு இனிமை, தட்டுகிறவருக்கு எச்சரிக்கை. தகடு இறுகிவிட்டது, இதற்கு மேல் வற்புறுத்தினால் விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடும். அதற்கு முன்பே அதை நெருப்பில் வைத்து, மங்கிய சிவப்பு ஏறும்வரை காய்ச்சிவிட வேண்டும். ஆறியதும் தகடு பழையபடி இளகிக் கொடுக்கும்.

கண்டி ராஜ்யத்தில் வேரூன்றிய தொழில் இது. 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்ததால் ‘குண்டசாலை ராஜா’ என்றே பெயர் பெற்றான். மதுரையிலிருந்து வந்த அவனுடைய அரசியின் சகோதரரே அடுத்து அரியணை ஏறி நாயக்கர் வம்சத்தைத் தொடங்கினார். அரசவைக்கு வேலை செய்த கைவினைஞர்கள் ‘பட்டல் ஹதர’ எனப்பட்ட நான்கு பட்டறைகளில் அடங்கியிருந்தார்கள். உழைப்புக்கு ஈடாக நிலம் கிடைத்தது. 1815இல் ராஜ்யம் வீழ்ந்தது. 1832இல், உழைப்பையும் நிலத்தையும் பிணைத்த அந்த ராஜகாரிய முறையும் ஒழிந்தது. கைவினைஞர்களுக்கு ஆதரவாக நின்ற அரசனும் இல்லை, முறையும் இல்லை.

மிஞ்சியதைத் தேடிப் பதிந்தவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழரான சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன், படிப்பால் நிலவியலாளர், இலங்கைக் கனிமவள அளவைத் திணைக்களத்தின் முதல் இயக்குநர். கல்லையும் கனிமத்தையும் ஆராய வந்தவர் கண்டிப் பட்டறைகளில் உட்கார்ந்து, கருவிகளையும் செய்முறைகளையும் எழுதி, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக வெளியிட்டார். அந்த உழைப்புக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம்.

தகடு ஏன் இறுகுகிறது? ஒரு பித்தளைக் கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கிப் பாருங்கள். முதல் மடிப்பு எளிது. அடுத்தடுத்தவை முரண்டு பிடிக்கும். கடைசியில் படக்கென்று முறியும். உலோகம் நுண்ணிய படிகங்களால் ஆனது. அவற்றின் அணு வரிசைகளில் உள்ள பிசகுகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. ஒவ்வொரு அடியிலும் அந்தப் பிசகுகள் பெருகி, ஒன்றையொன்று மறித்து, நகர வழியின்றி நெரிசலாகின்றன. நெருப்பு புதுப் படிகங்களை வளரவைத்து அந்த நெரிசலைக் கலைக்கிறது. இந்தப் பிசகுகளைப் பற்றி 1934இல்தான் டெய்லர், ஒரோவன், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கினார்கள். பட்டறைக்காரரின் காது அதை வெகுகாலம் முன்பே அறிந்திருந்தது.

காய்ச்சாமல் விட்ட இறுக்கம் என்ன செய்யும் என்பதை இந்தியாவில் பிரிட்டிஷ் படை கண்டது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள், யாரும் தொடாமலே, குண்டைக் கவ்வும் வாய்ப்பகுதியில் பிளந்தன. காரணம் வெளிப்பட்டது 1921இல். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, உறையை உருவாக்கும்போதே உள்ளே தங்கிவிட்ட இழுவிசையைப் பிடித்துக்கொண்டு பிளவை வளர்த்திருக்கிறது. செஞ்சூட்டுக்கு வெகு கீழே, வடிவமும் உறுதியும் கெடாத அளவுக்கு உறைகளைச் சூடாக்கினால் அந்த இழுவிசை தளர்ந்துவிடும். அதுவே பரிகாரமாயிற்று: முடிந்த வேலையை இன்னொரு முறை நெருப்புக்குக் காட்டுவது.