நண்டலாற்றின் இரு கரை: கெமிக்கல் இன்ஜினியரிங்குக்கு இரண்டு வழி

புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு எல்லையில் இருக்கிறது பூவம். நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, தரங்கம்பாடி. பேச்சும் பழக்கவழக்கமும் இரு கரையிலும் ஒன்றுதான். ஆனால் கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இந்தக் கரையில் ஒரு வழி, அந்தக் கரையில் வேறு வழி.

முதலில் பாடத்திட்டம். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24 முதல் பிளஸ் ஒன்னுக்கு சி.பி.எஸ்.இ. வந்துவிட்டது. என்.ஐ.டி.களில் சேர எழுதும் ஜே.இ.இ. தேர்வுக்கு அடிப்படையான என்.சி.இ.ஆர்.டி. நூல்களே பூவத்துப் பிள்ளைக்கு வகுப்புப் பாடம். தரங்கம்பாடி அரசுப் பள்ளியில் மாநிலப் பாடத்திட்டம், ஜே.இ.இ. எழுதத் தனியாகத் தயாராக வேண்டும்.

அடுத்தது கலந்தாய்வு. தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944-இல் உருவான கிண்டி ஏ.சி. டெக் அவ்வழியின் உச்சம். பூவத்துக்குப் புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக் நடத்தும் கலந்தாய்வு. காலாப்பட்டை அடுத்த புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே முதல் இலக்கு. எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்குத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வும் திறந்திருக்கும். ஆகவே எந்தக் கரைப் பள்ளியில் சேர்ப்பது என்பதே பெரிய முடிவு.

என்.ஐ.டி. விஷயத்தில் பூவத்துக்குத்தான் இழப்பு. பக்கத்துத் திருவேட்டக்குடியில் 2010-இல் தொடங்கிய புதுச்சேரி என்.ஐ.டி. இருக்கிறது, ஆனால் அங்கே இளநிலையில் கெமிக்கல் இன்ஜினியரிங் இல்லை. திருச்சி என்.ஐ.டி.யில் உண்டு, ஆனால் அதன் சொந்த மாநில ஒதுக்கீடு தமிழ்நாட்டுக்கு. பூவத்துப் பிள்ளை வெளிமாநிலப் பட்டியலில் போட்டியிட வேண்டும்.

செலவிலும் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. சென்டாக் வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்வோருக்குப் புதுச்சேரி அரசின் காமராஜர் நிதியுதவி உண்டு.

உள்ளே போனபின் பாடம் ஒன்றுதான். உதாரணமாக, காரைக்காலின் தெற்கே கெம்பிளாஸ்ட் ஆலையில் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். 58.5 கிலோ உப்பு, 18 கிலோ தண்ணீர் வினைபுரிந்தால் 40 கிலோ காஸ்டிக் சோடா, 35.5 கிலோ குளோரின், 1 கிலோ ஹைட்ரஜன். போனது 76.5, வந்ததும் 76.5. இந்தப் பொருள் சமநிலைக் கணக்குதான் படிப்பின் அடித்தளம். இந்தக் கணக்கை விரும்பிப் போடும் பிள்ளைக்கே இந்தப் படிப்பு ஏற்றது. வேதியியல் பிடித்துக் கணிதம் கசந்தால் பி.எஸ்சி. வேதியியலே நல்ல தேர்வு.

ஒப்பிட்டுப் பார்த்தால் தரங்கம்பாடிக்குக் கட்-ஆஃப் மதிப்பெண் பலம், பூவத்துக்கு ஜே.இ.இ.க்கு நெருக்கமான பாடம் பலம். பூவத்துப் பெற்றோர் பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே சென்டாக், ஜே.இ.இ. இரண்டுக்கும் திட்டமிட்டால், பக்கத்து என்.ஐ.டி.யில் இல்லாத படிப்பைத் தங்கள் பிள்ளை திருச்சியிலோ காலாப்பட்டிலோ படிக்க வழி இருக்கிறது.