கோஷா ஆஸ்பத்திரி சொல்லும் பாடம்





திருவல்லிக்கேணியில் உள்ள அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை நம் முதியவர்கள் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அழைப்பர். 'கோஷா' என்பது பாரசீகச் சொல். மூலை என்பது அதன் பொருள். அந்நிய ஆடவரின் பார்வையில் படாமல் ஒதுங்கி வாழ்ந்த பெண்களை அச்சொல் குறித்தது. ஒரு மருத்துவமனைக்கு இப்பெயர் வந்த வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

சென்னையில் 1844 முதலே அரசுப் பிரசவ மருத்துவமனை இருந்தது. ஆயினும் அங்குள்ள மருத்துவர்கள் ஆடவர்கள் என்பதால், கோஷா முறையைப் பேணிய முஸ்லிம் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் அங்கே செல்லவில்லை. வீட்டு மருத்துவச்சியால் இயன்றவரைதான் அவர்களுக்கு உதவி. அதற்கு மேல் சிக்கலானால், தாயையும் சேயையும் காப்பாற்ற ஆளில்லை.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் ஆங்கிலேய அரசின் மருத்துவர். சென்னையில் முகம்மதியப் பொது நூலகம் உருவாக முன்னின்றவரும் இவரே. பேறுகால மருத்துவ நூலொன்றை இவர் இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னட மொழிபெயர்ப்புகளையும் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். பெண்கள் ஆண் மருத்துவரிடம் வரமாட்டார்கள் என்றால், பெண்களையே மருத்துவர்களாக்க வேண்டும் என்று 1872இல் அரசுக்கு எழுதினார். அதன் பயனாக 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் திறக்கப்பட்டது.

முதலில் சேர்ந்த நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவி. இந்நாட்டுப் பெண்கள் பிரசவத்தில் படும் துன்பத்தைக் கேள்விப்பட்டே மருத்துவம் கற்க வந்தார். பின்னர் இலண்டனில் 1882இல் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885இல் நுங்கம்பாக்கத்தில் கோஷா பெண்களுக்கென மருத்துவமனையைத் தொடங்கினார். வேங்கடகிரி ராஜாவின் நன்கொடையால் 1890இல் அது சேப்பாக்கத்தில் நிலைபெற்றது. நாடு விடுதலை பெற்றபின் இன்றைய பெயர் சூட்டப்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. பெண்கள் தம் நாணத்தைக் கைவிட்டால்தான் சிகிச்சை என்று அவர்கள் கூறவில்லை. நாணத்தை மதித்தே சிகிச்சைக்கு வழி திறந்தார்கள். வழி திறந்தபின் நம் முன்னோர்களும் தம் பெண்மக்களை அழைத்துச் சென்றார்கள்.

இன்றைய நிலை என்ன? எங்கள் திருமுடிவாக்கத்தில் நம்மிடம் ஓதிய இளம் சகோதரி ஒருவர், எட்டாம் மாதக் கர்ப்பத்தில் முகம் வீங்கி, கடும் தலைவலியால் தவித்தார். ஆண் டாக்டர் இருப்பாரோ என்ற கூச்சத்தால் மூன்று நாட்கள் எவரிடமும் சொல்லவில்லை. அல்லாஹ்வின் கிருபையால் அவர் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. நாணத்தின் சிறப்பைப் பலமுறை போதித்த நாம், எங்கே வாய்திறந்து பேச வேண்டும் என்பதைப் போதிக்கவில்லையே என்று அன்று வெட்கினோம்.

மார்க்கத்தை அறிவதற்கு நாணம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) புகழ்ந்தார்கள். மாதவிடாய்ச் சட்டங்களை அப்பெண்கள் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டறிந்தார்கள். பெண் மருத்துவர் கிடைக்காத நிர்ப்பந்தத்தில், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதை நம் ஃபிக்ஹ் அனுமதிக்கிறது. பிரசவத்தில் மரணிப்பவருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்பது துயருற்றோருக்கான ஆறுதல், அலட்சியத்திற்கான அனுமதியன்று.

ஆகவே தாய்மார்களே, மாமியார்களே, கணவன்மார்களே! கர்ப்ப காலத்தில் இரத்தப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கைகளும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை செல்லுங்கள். அவசரமெனில் 108ஐ அழையுங்கள். உங்கள் பெண்மக்கள் கூச்சமின்றிச் சொல்லத்தக்கதாக உங்கள் வீட்டை ஆக்குங்கள். மருத்துவம் பயில விரும்பும் மகளுக்குத் துணைநில்லுங்கள். நாளை ஒரு சகோதரியின் தயக்கத்தை அவள் தீர்க்கக்கூடும்.

அல்லாஹ் நம் தாய்மார்களையும் பிறக்கும் குழந்தைகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.