தேமல் என்னும் சொல்லும் தோல்நோய் அறிதலும்

சங்கப் பாடல்களில் மகளிரின் மேனியழகு கூறுமிடத்துச் சுணங்கு, திதலை என்னும் சொற்கள் பலகாலும் வருதல் தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே. வேங்கையின் பொன்னிறப் பூவைச் சுணங்கிற்கு உவமையாக்குதல் அப்புலவர்தம் பெருவழக்கு. இவ்விரு சொற்கும் பிற்கால உரையாளர் தேமல் என்று பொருள் உரைத்தனர். இன்றோ தேமல் என்பது மருந்து தேடுதற்குரிய நோயொன்றன் பெயராய் வழங்குகின்றது. அழகின் பெயர் எப்பொழுது நோயின் பெயராயிற்று என்பது தனியே ஆராய்தற்குரியது. யாம் ஈண்டு நோக்கப் புகுவது வேறொன்று. தோலின் மாற்றங்களுக்கு நம்மவர் பெரும்பாலும் கண்ணாற் கண்ட வடிவும் நிறமும் கொண்டே பெயரிட்டனர். அதனால் விளைந்தன யாவை?

சில பெயர்கள் வியக்கத்தக்க பொருத்தமுடையன. வட்டமாய்ப் படர்ந்து, விளிம்பு சிவந்து தடித்து, நடுவிடம் தெளிந்து தோன்றும் பூஞ்சைநோயைப் படர்தாமரை என்றனர். அப்பெயரே நோயை அறிதற்குப் போதும்.

இடர்ப்பாடு குட்டம் என்னும் சொல்லில் தோன்றுகின்றது. சுசுருதசங்கிதை இதனைப் பொதுப்பெயராகக் கொண்டு 18 வகை கூறும். படையும் சிரங்கும் அவற்றுள் அடங்கும். சித்த மருத்துவ நூல்களும் குட்டம் பதினெட்டு என்னும். பொதுப்பெயராய் நின்றவரை தீங்கில்லை. குட்டம் எனின் தொழுநோயே எனப் பொருள் சுருங்கிய பின்னரும் வெண்குட்டம் என்னும் பெயர் மாறாது நின்றதே தீதாயிற்று. தோல் நிறமிழந்து பால்போல் வெளுக்கும் அந்நிலைக்கும் தொழுநோய்க்கும் உறவில்லை, அது தொற்றுவதுமன்று. ஆயினும் ஒரு பெயரின் பொருட்டு மணம் தடைப்பட்ட குடும்பங்கள் பல. வெண்புள்ளி என்னும் புதுப்பெயர் பரவிவருதல் பெரிதும் வரவேற்கத்தக்கது.

இனித் தேமலுக்கு மீள்வோம். மார்பிலும் முதுகிலும் தோன்றி, சுரண்டினால் மெல்லிய செதிள் உதிர்வது பூஞ்சையால் வரும் தேமல். அவ்விடத்துத் தொடு உணர்ச்சி குறைவதில்லை. தொழுநோயின் முதற்குறியும் வெளிறிய அல்லது செந்நிறப் படலமே. அது பெரும்பாலும் அரிப்பதில்லை, வலிப்பதுமில்லை. ஆகவே கண்ணுக்குத் தேமலாகத் தோன்றி நாள் கடந்துவிடுகின்றது. இரண்டையும் பிரிப்பது தொடுதலே. கண்ணை மூடியிருப்பவரின் படலத்தைப் பஞ்சு நுனியால் தொட, அவர் அதனை உணராராயின் காலந்தாழ்த்தாது மருத்துவரை அடைதல் வேண்டும். கைகால் மரத்தலும் அத்தகைய குறியே. உணர்ச்சி உண்டு என்பதொன்றே கொண்டு ஐயம் நீங்கியதெனல் ஆகாது. இந்நோயில் உணர்ச்சி குன்றாத படலங்களும் உண்டு. தொடு உணர்ச்சி குன்றுதலைச் சுசுருதமே குட்டத்தின் குறிகளுள் ஒன்றாகச் சொல்லியிருப்பது ஈண்டுக் கருதத்தக்கது. நூலோர் அறிந்த அக்குறி வழக்குப் பெயர்களில் இடம்பெறவில்லை.

அழுகிய மெய்யர் முழுகி நன்னிறம் பெறும் பொய்கையொன்று புகாரில் இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். மெய் தானே அழுகுகின்றது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. ஆன்சன் 1873இல் நார்வேயில் நோய்க்கிருமியைக் கண்ட பின்னரும் அது மாறவில்லை. 1946இல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, விரல்கள் குறைவது நோயால் நேரே அன்று, உணர்ச்சியின்மையால் அறியாது பெற்ற காயங்களும் புண்களுமே காரணம் எனக் காட்டினார். அதே ஆண்டில் செங்கற்பட்டில் காக்ரேன் சல்போன் மருந்தைக் கையாண்டார். 1982இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்து, நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 திங்களில் நோயைத் தீர்க்கின்றது. சட்டமோ இவ்வளவு விரையவில்லை. தொழுநோயுற்ற இரவலரைச் சிறைப்பிடிக்க இடந்தந்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது.

பொதுநலச் சிக்கல் என்னும் நிலையினின்று இந்நோய் நீங்கியதாக இந்தியா 2005இல் அறிவித்தது. அதன் பின்னரும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு நூறாயிரம் பேர் புதியராய் இதற்கு ஆளாதல் காணப்படுகின்றது. அவருள் சிலர் கை மடங்கிய பின்னரே மருத்துவமனை சேர்கின்றனர். முதற்படலம் தோன்றியபொழுது அது தேமல் எனப்பட்டது.