ஹோர்முஸ் நீரிணையும் எமது கூரைகளும்

ஹோர்முஸ் நீரிணையில் பதற்றம் என்றதும் எம்மவர் கேட்கும் முதல் கேள்வி, பெற்றோல் விலை ஏறுமா என்பதுதான். அந்த நீரிணைக்கு வேறு வழி உண்டா என்ற கேள்வியே முக்கியமானது என நான் கருதுகிறேன்.

ஈரானுக்கும் ஓமானுக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் இதன் அகலம் சுமார் 33 கிலோமீற்றர். 2024இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் இதனூடாகச் சென்றது. உலகப் பாவனையில் இது ஐந்தில் ஒரு பங்கு. பெரும்பகுதி ஆசியாவுக்கே வந்தது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. ஈரான்–ஈராக் யுத்த காலத்தில் சவூதி அரேபியா, அப்கைக்கிலிருந்து செங்கடல் கரையிலுள்ள யன்பு வரை குழாய் பதித்தது. 2012 முதல் அபூதாபியின் எண்ணெய் குழாய் வழியே புஜைராவுக்குச் செல்கிறது. குவைத்துக்கும் கட்டாருக்கும் அப்படியொரு வசதி கிடையாது. யன்புவில் ஏற்றிய எண்ணெயும் ஆசியாவுக்கு வர பாபுல் மந்தப் நீரிணையைத் தாண்ட வேண்டும். 2023 நவம்பரில் ஹூத்திகளின் தாக்குதல்கள் தொடங்கிய பின்னர், பல கப்பல்கள் அவ்வழியைக் கைவிட்டு ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. ஒரு வாசலைத் தவிர்த்து இன்னொரு வாசலில் மாட்டிக்கொள்ளும் கதைதான்.

எமது சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இல் ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்ப அமைக்கப்பட்டது. ஈரான் மீதான தடைகள் அதனையும் பாதித்தன. ஆனால் 2022இல் எந்த நீரிணையும் மூடப்படவில்லை. டொலர் இல்லாததால்தான் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம், கியூஆர் அட்டைக்குப் பழகினோம். கடல் திறந்திருந்தாலும் கையில் காசில்லாவிட்டால் நிலைமை ஒன்றுதான்.

ஆகவே சூரிய சக்தியில் முதலிடுவதை சுற்றாடல் விவகாரமாக மட்டும் நான் பார்ப்பதில்லை. அது அந்நியச் செலாவணி விவகாரம். ஆனால் கூரையில் தகடு பூட்டுவதோடு வேலை முடியாது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைந்தபோது, பகலில் கூரை மின்தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. மின்சாரம் மிஞ்சியது, சேமிக்க வழியிருக்கவில்லை. வாகனங்கள் டீசலிலேயே ஓடும்வரை அந்த மின்சாரம் எண்ணெய்க் கப்பலைப் பெரிதாகக் குறைக்கவும் போவதில்லை.

இனி முதலிட வேண்டியது பேட்டரியிலும் மின்சார பஸ்களிலும்தான். பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதைக் கணக்கிலெடுப்பது நல்லது. ஜும்ஆ நேரத்து மின்விசிறிக்கு உச்சி வெயில் போதும். தராவீஹுக்குச் சூரியன் இருக்காது.