எலைசா ரெயினும் ஒப்பின் வகையும்

ஆடித் திங்களில் சங்கரன்கோவில் வீதிகளில் திரண்டு நிற்போர்க்கு ஒரு செய்தி புதிதன்று. கோமதியம்மை புன்னை வனத்தில் தவம் நின்றது இறைவனைக் காண்பதற்காக மட்டுமன்று. இன்ன வடிவிற் காண வேண்டும் என்பதற்காகவும் ஆகும். அரியும் அரனும் ஓருருவாய் அமைந்த கோலத்தை அம்மை வேண்டினாள். இறைவன் சங்கரநாராயணனாகக் காட்சி தந்தான். அதனோடும் மனம் அமையாது, தனக்குரிய சங்கரலிங்கத் திருவுருவையும் கேட்டுப் பெற்றாள். ஆடித்தபசின் இரு காட்சிகளும் இதனை நினைவூட்டுவனவே. தன் உள்ளம் நாடும் வடிவம் இன்னது என்று ஒரு பெண் தானே தெளிந்து, அதனை வாய்விட்டுக் கேட்டாள் என்னும் கருத்து இவ்வூர்த் தலவரலாற்றினுள் பொதிந்து கிடக்கிறது.

உள்ளம் நாடுவது யாரை என்னும் வினாவைத் தமிழ் இலக்கணமும் தொட்டுள்ளது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் காதலர் இருவரிடையே அமைய வேண்டிய ஒப்பினைப் பத்து வகையாகக் கூறுவார். பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, அருள், உணர்வு, திரு முதலியன அவற்றுள் அடங்கும். அடுத்த நூற்பாவிலேயே காதலரிடம் இருத்தலாகாத குற்றங்களையும் தொகுத்துரைப்பார். தன் குடிச் சிறப்பை எண்ணித் தானே இன்புறுதலும் மறப்பும் அக்குற்றங்களுள் இரண்டு. குடிமை ஒத்திருக்க வேண்டும். ஆயின் குடிமையில் திளைத்தலாகாது என்பது நுண்ணிய வேறுபாடு. இவ்விலக்கணம் தலைவனையும் தலைவியையும் முன்னிறுத்தியது. பெண்ணை நாடும் பெண்ணுக்கு இத்தகைய பட்டியலை எவரும் வகுத்துத் தரவில்லை. அவள் தன் வகையைத் தானே கண்டறிய வேண்டியிருந்தது.

அவ்வாறு கண்டறிந்ததை நாள்தோறும் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஆன் லிஸ்டர். 1791இல் பிறந்த இவர் எழுதிய நாட்குறிப்புகள் ஏறத்தாழ 50 இலட்சம் சொற்கள் கொண்டவை; அவற்றுள் ஆறில் ஒரு பங்கு மறைகுறியில் அமைந்தது. இவரைப் பற்றி எழுதுவோர் பலர். ஆயினும் அந்நாட்குறிப்பின் முதற்பக்கத்திலேயே நிற்கும் பெண் சென்னையிற் பிறந்தவர் என்பது தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படாத செய்தி.

அவர் பெயர் எலைசா ரெயின். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவர் வில்லியம் ரெயினுக்கும் ஓர் இந்தியப் பெண்ணுக்கும் மகளாக, ஆன் பிறந்த அதே 1791இல் பிறந்தார். தந்தை இறந்தபின் தந்தையின் நண்பரும் சென்னையில் மருத்துவராய் இருந்தவருமான வில்லியம் டஃபின் என்பவரது காப்பில், தமக்கை ஜேனுடன் யார்க் நகரில் வளர்ந்தார். மேனர் பள்ளியின் மாடத்து அறையொன்றில் எலைசாவும் ஆனும் உடனுறைந்தனர். பிற மாணவியரிடமிருந்து ஒதுங்கிய அறை அது. ஒருத்தி அடங்காதவள் என்பதனாலும் மற்றொருத்தி நிறத்தாலும் பிறப்பாலும் வேறானவள் என்பதனாலும் ஒதுக்கப்பட்டனர் என்று கருத இடமுண்டு. ஒதுக்கியவர்களே இருவரையும் சேர்த்து வைத்தனர் என்றும் சொல்லலாம்.

அவர்களிடையே முகிழ்த்த அன்பு அவ்விருவர்க்கும் முதற்காதல் ஆயிற்று. கிரேக்க எழுத்துகளும் கணிதக் குறிகளும் விரவிய மறைகுறியை இருவரும் பயன்படுத்தினர். பிற்காலத்தில் ஆனின் நாட்குறிப்பைப் பிறர் கண்ணிலிருந்து காத்த அக்குறிமுறை இவ்விரு சிறுமியரின் கடிதப் போக்குவரவில் வளர்ந்ததே. 1806 ஆகஸ்டு 11ஆம் நாள், எலைசா விடைபெற்றுச் சென்றதைக் குறிப்பதுடன் ஆனின் நாட்குறிப்பு தொடங்குகிறது. பிரிவே எழுத வைத்தது. பாலைத் திணையைக் கற்றோர்க்கு இது வியப்பளிக்காது.

எலைசாவின் வகை எளியது: ஒருவரே. தந்தை விட்டுச் சென்ற 4000 பவுன் தம் கைக்கு வரும் அகவை எய்தியதும் ஆனுடன் ஒரு மனையில் வாழ்வது என்பதே அவர் எண்ணம். ஆனின் வகையோ விரிந்துகொண்டே சென்றது. பத்தொன்பதாம் அகவையளவில் இசபெல்லா நார்க்ளிஃப் என்னும் செல்வக் குடும்பத்துப் பெண்ணின் நட்பு கிட்டியது. அவர் வழியே மருத்துவர் பெல்கோமின் மகள் மரியானாவை அறிந்தார். ஆனின் உள்ளத்தை நெடுங்காலம் ஆண்டவர் மரியானாவே. 1814இல் எலைசா மனநோயர் என்று கொள்ளப்பட்டு, யார்க்கை அடுத்த கிளிஃப்டன் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். அக்காப்பகத்தை நடத்தியவர்களுள் ஒருவர் மரியானாவின் தந்தை. புனைகதையில் எழுதினால் நம்ப மறுப்போம்.

மரியானாவும் 1816இல் சார்லஸ் லாட்டன் என்னும் செல்வரை மணந்துகொண்டார். இதன் பின்னரே ஆன் தம் நாட்டத்தைத் தாமே ஆராயத் தொடங்கினார் எனலாம். 1821 ஜனவரி 29ஆம் நாள் பழைய கடிதங்களை ஒழுங்குசெய்தபோது, ஓர் ஆடவர் தம்மைப் பாராட்டி எழுதிய செய்யுளை எரித்துவிட்டு, தம் அன்பு பெண்பால் ஒன்றற்கே உரியது என்று ஐயத்திற்கு இடமின்றி எழுதி வைத்தார். பெயரிட்டு அழைக்கும் சொல் பரவலாக வழங்காத காலத்தில் எழுந்த தெளிவு இது.

எனினும் பெண்ணை நாடுதல் என்பது எல்லாப் பெண்களையும் நாடுதல் அன்று. 1823இல் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிக்ஃபோர்டு என்னும் கற்றறிந்த பெண்மணியை ஆன் சந்தித்தார். அவரும் நடையுடையில் ஆடவர் சாயல் உடையவர். அவருக்கும் ஒரு தோழி உண்டு. தம்மைப் போன்ற ஒருவரை ஆன் கண்டது அப்போதுதான். காதல் பிறந்திருக்க வேண்டும் என நாம் எதிர்பார்ப்போம். பிறக்கவில்லை. உரையாடலை விரும்பினார், உள்ளம் அசையவில்லை. மென்மையும் நயத்தக்க ஒழுக்கமும் வாய்ந்த பெண்களே தம்மை ஈர்ப்பவர், புலமை மிக்கோர் அல்லர் என்று அறிந்து எழுதினார். தாமே புலமை நாடிக் கிரேக்கமும் கணிதமும் பயின்றவர் இவ்வாறு எழுதியது கற்ற பெண்டிர்க்குச் சற்றே கசக்கும். ஒத்தாரை நாடுதலே காதல் என்னும் பொதுக்கருத்தை இச்சிறு நிகழ்ச்சி அசைத்துவிடுகிறது. அதே ஆண்டில் மரியானா, ஆனின் ஆண்மை தோய்ந்த தோற்றத்தைப் பிறர் முன் கண்டு நாணினார். ஒருவரின் வகையாய் இருப்பதும் ஒருவரோடு வீதியில் நடப்பதும் வேறு வேறு என்பதை ஆன் அன்று கற்றார்.

1826இல் பெரியப்பாவின் மறைவால் ஷிப்டன் மாளிகை ஆனின் பொறுப்பில் வந்தது. அதன்பின் அவர் நாட்டத்தில் குடிமையும் திருவும் வெளிப்படையாகவே இடம்பெற்றன. உயர்குடிப் பெண்களை நாடி ஏமாற்றமுற்று, இறுதியில் அண்டை நிலக்கிழார் குடும்பத்துச் செல்வியாகிய ஆன் வாக்கரைத் தேர்ந்தார். 1834 மார்ச்சு 30, ஈஸ்டர் ஞாயிறன்று யார்க்கின் தூய திரித்துவ ஆலயத்தில் இருவரும் சேர்ந்து நற்கருணை பெற்று, அதனைத் தம் மணமாகக் கொண்டனர். அச்செல்வியின் வருவாயை ஆன் கணக்கிட்ட பக்கங்களும் நாட்குறிப்பில் உள்ளன. அன்பே இல்லை எனல் பிழை. 1840இல் ஜார்ஜியா நாட்டின் குத்தாயிசி நகரில் காய்ச்சலால் ஆன் இறந்தபோது, உடலை நெடுவழி கடந்து தாயகம் சேர்த்தவர் வாக்கரே.

தொல்காப்பியரின் பட்டியலை இங்கே மீண்டும் நோக்குதல் தகும். தம் வகையை உள்ளத்தைத் துருவியே கண்டறிந்ததாக ஆன் நம்பினார். ஆயின் அவர் எழுதி எழுதிச் சென்றடைந்த இடம், பிறப்பும் குடிமையும் திருவும் ஒத்த ஒரு பெண். எவரும் வகுக்காத வழியில் நடந்தவர், வகுத்த அளவுகோலையே கையில் வைத்திருந்தார். அவ்வளவுகோலில் முதலில் குறைந்து போனவர் மணவுறவின்றிப் பிறந்த, இந்தியத் தாயின் மகளாகிய எலைசா. குடிமையில் இன்புறுதலும் மறப்பும் குற்றம் என்ற பழைய நூற்பா ஆனுக்கு எதிராகச் சான்று பகர்கிறது. எனினும் முழுதும் மறந்தார் எனலாகாது. காப்பகத்திற்குச் சென்று எலைசாவை அவர் கண்டுவந்த குறிப்புகள் உள்ளன.

நாட்குறிப்பின் மறைகுறியை 1890களில் ஜான் லிஸ்டரும் ஆர்தர் பரலும் அவிழ்த்தனர். எரித்துவிடுமாறு பரல் அறிவுறுத்த, ஜான் எரிக்காமல் சுவர்ப்பலகையின் பின் மறைத்து வைத்தார். எலனா விட்பிரெட் தொகுத்த பகுதி 1988இல் நூலாயிற்று. 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுத் திட்டத்தில் ஐக்கிய இராச்சியப் பதிவேடு அவற்றை ஏற்றது.

எலைசா பிறந்த சென்னையில், அந்நகர் உயர்நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல், மதுரையிலிருந்து காப்பு நாடி வந்த இரு பெண்களின் வழக்கில், தாம் முதலில் இப்பொருளைக் கற்க வேண்டும் என்று கூறி உளவியலாளரிடம் பயின்று ஆணை பிறப்பித்தார். 2025 மே திங்களில் அதே நீதிமன்றம், பெற்றோர் தடுத்து வைத்திருந்த 25 அகவைப் பெண்ணைத் தம் தோழியுடன் செல்ல விடுத்து, குடும்பம் என்பது தேர்ந்துகொள்ளத் தக்கதும் ஆகும் என்றது. பெற்றோர் காவலும் காப்பாளர் காவலும் அகன்ற பின்னரே ஒரு பெண் தன் வகை எது என்று ஆராய்தல் இயலும். எலைசாவுக்கு அந்த ஓய்வு கிட்டவில்லை.

ஐரிஷ் எழுத்தாளர் எம்மா டானகியூ 2023இல் இவர்தம் பள்ளிக் காதலை நாவலாக்கினார். எலைசாவின் கடிதங்களும், 1809, 1810ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய சிறு நாட்குறிப்பும் ஆனின் தாள்களோடு ஹாலிஃபாக்ஸ் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவர் 1860 வரை வாழ்ந்தார். ஆனைவிட இருபது ஆண்டு கூடுதலாக. யார்க்கை அடுத்த ஆஸ்பால்ட்விக் ஊர் ஆலயத்தின் வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது.