ஏதுப்போலி

'போல்' என்ற வினையடியோடு இகரம் சேர்ந்து பிறந்த சொல் போலி: போல இருப்பது. இலக்கணத்தில் இது வசைச்சொல் அன்று. 'நலம்' என்பது 'நலன்' ஆவதும் போலிதான், பொருள் கெடுவதில்லை. தருக்கத்தில்தான் பொருள் கெடுகிறது.

ஏது என்றால் காரணம். காரணம்போல நின்று காரணமாகாதது ஏதுப்போலி. வடமொழியில் ஹேத்வாபாசம். இதிலுள்ள 'ஆபாசம்' போலித் தோற்றத்தையே குறித்தது. தமிழில் அச்சொல் எங்கோ போய்விட்டது. மணிமேகலைக் காப்பியத்தில், மணிமேகலைக்கு அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி காஞ்சியில் ஏதுப்போலியைக் கற்பிக்கிறார். அங்கே ஏதுப்போலி மட்டும் 14 வகை.

அவற்றுள் 'அநைகாந்திகம்' இன்றைய விளம்பரங்களில் தினமும் கண்ணில் படுகிறது. "இயற்கையானது, ஆகவே கெடுதல் இல்லை" என்கிறது ஒரு துண்டுப்பிரசுரம். அரளி விதையும் இயற்கையானதுதானே? கெடுதல் செய்வதிலும் செய்யாததிலும் ஒருங்கே காணப்படும் 'இயற்கை', எந்தப் பக்கத்தையும் நிறுவாது. நோயாளி வீட்டில் அந்தப் பிரசுரத்தை நம்பி மருந்தை நிறுத்துகிறார்கள் என்பதால், ஏதுப்போலி என்ற சொல்லைப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும் என்பேன். 'தவறான வாதம்' என்று பொதுவாகச் சொன்னால் தவறு எங்கே என்று தெரியாது. ஏதுப்போலி என்றால், 'ஆகவே'க்கு முன்னால் நிற்பதைப் பார் என்று விரல் நீட்டுகிறது.